பெட்டிமேல் நூறு மணி நேரம்

பெட்டியின் மேல் காலியிடம் இருந்தால் என் கை சும்மா இருக்காது. வீடியோ கேம் பெட்டிகளுக்கு வாசகம் எழுதுவதுதான் என் வேலை. கோடிகளைக் கொட்டித் தயாரிக்கும் கேம்களை எங்கள் தொழிலில் 'மூன்று ஏ' என்பார்கள். அது செலவைச் சொல்வது, தரத்தை அல்ல. வாங்குகிறவர்கள் பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துக்கொள்வார்கள், நாங்களும் திருத்துவதில்லை. எங்கள் புதிய கேமுக்கு நான் நாலாவதாக ஒரு ஏ சேர்த்தேன். ஒரு எழுத்துதானே, காசா பணமா? முதலாளி பூரித்துப்போனார்.

அதற்குக் கீழேயும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. 'நூறு மணி நேர சாகசம்' என்று போட்டேன். அப்போது கேம் பாதிகூட முடியவில்லை.

அதை வடிவமைத்தவள் என் தங்கை. முழுப் பொறுப்பும் அவளிடம் வந்தது அதுதான் முதல் முறை. இருண்டுபோன நகரத்தில் ஒரு லைன்மேன் தெருத் தெருவாக நடந்து மின்சாரத்தை மீட்கிற கதை. எங்கள் அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், காலில் சக்கரம் கட்டியவர். அவரை வீட்டு வராந்தாவில் நடக்கவைத்துப் படம்பிடித்து, அந்த நடையையே நாயகனுக்குக் கொடுத்திருந்தாள். விளையாடிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. ஒரே குறை, இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இழுக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணா? சொல்ல வந்ததைச் சொல்லியாச்சு."

"பெட்டியில நூறுன்னு இருக்கே."

"அப்போ பெட்டியை மாத்து," என்று சிரித்துவிட்டுப் போன் பேச வெளியே போனாள்.

அச்சாகி வந்த பெட்டியை மாற்றுவது என்ன லேசுப்பட்ட காரியமா? அவள் கணினி திறந்தே இருந்தது. நடைவேகம் என்று ஓர் எண் இருக்கும், முன்பு அவளே காட்டியிருக்கிறாள். அதை நாலில் ஒரு பங்காக்கினேன். கேம் முழுக்க நடைதான் என்பதால் இருபத்தைந்து நூறாயிற்று. சோதிக்கிறவர்கள் ஏற்கெனவே சரி சொல்லியிருந்தார்கள், அன்று மாலையே அது தயாரிப்புக்குப் போய்விட்டது. ஒரு பொய்யை உண்மையாக்கினேன், அவ்வளவுதான்.

விளையாடியவர்கள் லைன்மேனுக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். தங்கை வாங்கிய வசவுகளைச் சொல்லி மாளாது. வேகத்தைத் திருத்தி அனுப்புகிறேன் என்று மன்றாடினாள். சட்டப் பிரிவில் விடவில்லை. "பெட்டியில நூறு மணி நேரம்னு இருக்கு. வேகத்தைக் கூட்டினா நாம பொய் சொன்னதா ஆயிடும்," என்றார்கள். நேர்மையான மனிதர்கள்.

மாற்றம் அவள் கணினியில் நடந்ததால் அவள் பெயரிலேயே பதிவாகியிருந்தது.

"நான் அப்படிப் போடவே இல்லண்ணா," என்றாள்.

"தூக்கக் கலக்கத்துல கை தவறியிருக்கும். விடும்மா," என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அண்ணன் சொன்னால் நம்புகிறவள். இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு நாலு தடவை திரும்பிப் பார்க்கிறாள்.

ஒரு நாள் அப்பாவும் கேமைப் பார்த்தார். திரையில் தன் நடை ஒவ்வோர் அடியாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏம்மா, நான் இவ்வளவு தளர்ந்துபோயிட்டேனா?" என்று கேட்டார். அவள் எழுந்து போனாள். அதிலிருந்து அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்குகிறார். எனக்கும் வருத்தம்தான். வயதானால் வருவதுதானே.

முதலாளி அவளை வேலையை விட்டு நீக்கப் பார்த்தார். நான்தான் கையைக் காலைப் பிடித்து இன்னொரு வாய்ப்பு வாங்கிக்கொடுத்தேன். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். இந்தத் தடவை சின்ன கேம் போதுமாம், பத்தே மணி நேரம். ஒவ்வோர் எண்ணையும் மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அவளுக்கு எதற்குத் தொந்தரவு என்று, பெட்டியை நானே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருநூறு என்று போட்டிருக்கிறேன்.