செருப்பக் கழட்டிட்டு ஏறு

– ஆடாம நில்லுடி அனு. ஊசி இடுப்புல ஏறிடும்.

– ஆடலக்கா. நடுங்குது.

– துபாயி, சிங்கப்பூருன்னு பாப் பாட்டு பாடிட்டு வர்றவளுக்கு செஞ்சியில இன்னா நடுக்கம்?

– சொந்த ஊருல இதானேக்கா முதல் கச்சேரி. இன்னிக்குப் பாத்து ஜாக்கெட்டு கிழியணுமா?

– கிழியாம இன்னா செய்யும்? உங்க மெட்ராஸ் டெய்லரு தையலு, தொட்டா நூலு நூலா வருது. தொண்டூர் கல்யாணப் பொண்ணு ஒருத்திக்கு நான் தெச்ச ஜாக்கெட்டு, அவ புள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் தாங்குச்சு. அவ பெருத்ததுக்கு வேற ஜாக்கெட்டா இருந்தா வெடிச்சிருக்கும். ந்தா, இது இன்னா கருப்பு டப்பா, இடுப்புல தொங்குது?

– மைக்கோட டப்பாக்கா. மைக்செட்டு தனகோட்டியண்ணன் மாட்டி விட்டுட்டுப் போனாரு. மேடைக்கு வர்றப்ப ஆன் பண்ணிக்கலாம்னாரு.

– இப்படித் தொங்குனா மறுபடியும் கிழியும். உள்ள ஒரு பாக்கெட்டு வெச்சுடறேன். இரு… அழுத்திச் சொருகுனா போவுது. ம், டிக்குன்னு உக்காந்துச்சு பாரு.

– வெளிய ஏதோ சிரிப்புச் சத்தம் கேக்குதுல்ல?

– இந்த வேன் ஏசி உறுமுற உறுமல்ல எனக்கு ஒண்ணும் கேக்கல. எவனாச்சும் மிமிக்ரி பண்ணிகினு இருப்பான்.

– இன்னிக்கும் அதத்தான் கேப்பாங்கக்கா.

– எத?

– அந்த டயலாக்க. ஆறு வயசுல நம்ம ராஜகிரிக் கோட்டைப் படியில நின்னு படத்துல நடிச்சேனே. நானே எழுதி நானே பாடுறேன், எல்லாரும் எழுந்து ஆடுறாங்க. பாட்டு முடிஞ்சதும், பேபி அனு, அந்த டயலாக் சொல்லுங்கிறாங்க. மாட்டேன்னா திமிருன்னு பேசுறாங்க.

– சொல்லித் தொலையேன்.

– எப்படிக்கா சொல்றது? அது என் குரலா?

– மெதுவாப் பேசு. எவன் காதுலயாவது விழப்போவுது.

– கதவு சாத்தித்தானே இருக்குது. யாருக்குக் கேக்கும்?

– உனுக்கு அப்ப நாக்கு திரும்பாது. ராசான்னு சொல்லுன்னா லாசாம்ப. ஷூட்டிங் ஆளுங்க சிரிச்சு சிரிச்சு கேமராவே ஆடிப்போச்சு.

– நீதான் கூட்டத்துல நின்னு பட்டாணி தின்னுகினே, இப்படிச் சொல்லுடின்னு கத்துன.

– கத்துனது வெனையாப் போச்சு. என்னை மெட்ராசுக்குக் கூட்டிகினு போயி ஒரு ரூமுல நிக்க வெச்சு, உன் வாயிக்கு என் குரல ஒட்டிட்டாங்க. வெளிய சொல்லாத, சின்னதுக்கு சான்சு போயிடும்னு நைனா சொன்னாரு. நானும் சொல்லல. எனக்கு ஒரு கவுனு குடுத்தாங்க. நல்ல கவுனுடி. அதப் பிரிச்சுப் பாத்துத்தான் நான் தையலே கத்துகினேன்.

– உனக்கு வருத்தமே இல்லையாக்கா?

– எதுக்கு? பஸ்ஸுல எவனாச்சும் போன்ல அந்த சீனப் போடுவான். இன்னா வாயி பாரு இந்தப் புள்ளைக்கும்பாங்க. ஆமாம்பேன். எனக்குள்ள சிரிச்சுகினே எறங்கிடுவேன்.

– இன்னிக்கு நீ பின்னால நின்னு சொல்லேன். நான் வாயசைக்கிறேன்.

– செருப்பு பிஞ்சிடும். மறுபடியும் வாயசைக்கவா இம்மாம் பாடுபட்ட? இப்பப் பாடுறது உன் தொண்டைடி. அதக் கேட்டாத்தான் எனக்கு நெஞ்சு நெறையும்.

– அப்ப நீ மேடைக்கு வா. அது எங்க அக்கா கலைச்செல்வி குரல்னு நானே சொல்றேன்.

– ஜாக்கெட்டு தெக்கிறவள மேடை ஏத்துனா ஊரு சிரிக்கும். வேணாம்.

– சரி, எனக்கு மட்டும் ஒரு தரம் சொல்லு. நடுக்கமாவது போவட்டும்.

– இரு, நூலக் கடிச்சுக்கிறேன். குரலக் கொஞ்சம் சின்னதாக்கணும்… ஏய், ராசாவா இருந்தா எனக்கின்னா? செருப்பக் கழட்டிட்டு ஏறு. கோட்டை எங்களுது.

– அக்கா. அப்படியே இருக்குதுக்கா. ஒரு சொட்டு கொறையல.

– இன்னாடி வெளிய இப்படி விசிலு? எம்எல்ஏ வந்துட்டாரா?

– யாரோ கதவத் தட்டுறாங்க. வாங்க தனகோட்டியண்ணே. டைம் ஆயிடுச்சா?

– அது கெடக்குது பாப்பா. அந்த டப்பாவ யாரு ஆன் பண்ணது?

– நான் பண்ணலண்ணே. அக்கா, நீ அழுத்திச் சொருகுனியே, அப்பவா?

– ஐயையோ. எதுலருந்து கேட்டுச்சு?

– தையக்காரம்மா, டிக்குன்னு உக்காந்துச்சுன்னீங்களே, அதுலருந்து. ஸ்பீக்கர் சத்தத்தக் கொறைக்கலாம்னுதான் போனேன். சனம் என் கையப் புடிச்சுகிச்சு.

– நல்லவேள. தொண்டூர்க்காரி பெருத்தது கேட்டிருக்காது.

– இப்ப சொல்லிட்டீங்களே. இன்னும் ஆன்லதான் இருக்குது.

– என் பாட்டக் கேப்பாங்களாண்ணே? இல்ல, திரும்பவும் அந்த டயலாக்தானா?

– உங்கிட்ட இனிமே எவனும் டயலாக் கேக்க மாட்டான் பாப்பா. நீ பாட்டத்தான் பாடணும். டயலாக்குக்குத்தான் ஆளு கெடச்சுட்டாங்களே.

– நான் வரல. ஊசி, நூலெல்லாம் எடுத்துகினு இப்படியே வீட்டுக்குப் போயிடறேன்.

– எப்படிம்மா போவீங்க? நீங்க சொன்ன மாத்திரத்துல மைதானமே செருப்பக் கழட்டிட்டு நிக்குது. நீங்க மேடை ஏறுனப்புறம்தான் மாட்டுவாங்களாம்.