வள்ளிநாயகம் காலமான செய்தி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பத்திரிகை விற்காது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரும் போராட்டம் சூடாக இருந்தவரை என் வாரப் பத்திரிகைக்குக் குறையில்லை. அது சற்று அடங்கியதும் விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

அப்போதுதான் பூதப்பாண்டி ஊரில் வள்ளிநாயகம் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சுக் குழறி, படுக்கையோடு கிடந்தார். இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பது சில வீடுகளில் உண்டு. வெளியே பேசமாட்டார்கள். நான் பேசவைத்தேன். ‘இவரை அனுப்பிவைப்பது கருணையா, கொலையா?’ என்று வாசகர்களைக் கேட்டேன். கருங்கல் ஊரிலிருந்து ஒரு பாதிரியார் எதிர்த்து எழுதினார். நாகர்கோவில் வக்கீல்கள் ஆதரித்தார்கள். பத்திரிகை பறந்தது. வள்ளிநாயகத்திடம் மட்டும் கேட்கவில்லை. குழறுகிற பேச்சை எப்படி அச்சில் போடுவது?

அவர் மனைவி உலகம்மை ஒவ்வொரு இதழையும் வாசித்துவிட்டு அழுவாள். நான் எடுத்துச் சொல்லிச் சொல்லி, வியாழக்கிழமை காலையில் குளிப்பாட்டிவிடச் சம்மதித்தாள். எங்களுக்கு வியாழன்தோறும் அச்சு. ஆள் அனுப்பி விசாரிக்க நேரமில்லை. ‘வள்ளிநாயகம் அமைதியாகக் காலமானார்’ என்று எழுத்துக் கோத்துவிட்டேன். வெள்ளி விடிந்ததும் கட்டுகளை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளில் துக்கம் விசாரிக்கப் போனேன்.

உலகம்மை கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“நேத்து எண்ணெயும் எடுத்து வச்சேன் பிள்ளைவாள். மனசு வரல்ல. அவிய என் கையப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாவ.”

உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“பேப்பர்ல... என்னப் பத்தி... என்ன போட்டிருக்கு?”

“நல்லபடியாத்தான் போட்டிருக்கு அண்ணாச்சி.”

வைத்தியரைக் கூட்டிவரும்படி உலகம்மையை அனுப்பினேன். சந்தோஷமாக ஓடினாள். எண்ணெய், இளநீர் என்று முறைப்படி செய்ய நேரமில்லை, பத்திரிகைக் கட்டோடு பஸ் வருகிற நேரம். தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். விளங்குகிற கையால் என் சட்டையைப் பிடித்தார். கொஞ்சம் பொறுத்து விட்டுவிட்டார்.

உலகம்மைக்கு ஒன்றும் தெரியாது, அவளை விட்டுவிடுங்கள். கருணை, கொலை, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். என் பத்திரிகையில் பொய்ச் செய்தி வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.