மெத்தை அறைக்கு நான் போட்ட பூட்டு

காவல் நிலையத்தில் அதிகாரி என் பெயரைக் கேட்டதற்கு மகாராசா என்று சொன்னேன். அது பட்டப்பெயர்தான் என்றும், கடிதம் கொண்டுவருபவர் முதல் என் மனைவி வரை அப்படியே அழைப்பதால் அதையே எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். வயது ஐம்பத்து நான்கு. கடைத்தெருவின் கோடியில் மெத்தைக்கடை வைத்து, அதன் மாடியிலேயே குடியிருந்து வருகிறேன். இந்த உலகத்தில் பாதிப் பேர் என் மெத்தையில்தான் தூங்குகிறார்கள் என்று சொன்னேன். மிகைப்படுத்தாமல் பேசும்படி அதிகாரி சொன்னதால், எங்கள் தெருவில் சிலர் தூங்குகிறார்கள் என்று திருத்திச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பவர் என் தங்கையின் கணவர். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை செய்கிறார். அவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. காலையில் கை நடுங்கும், குடித்தால்தான் நிற்கும். அப்படி ஒரு காலையில் குடிக்காமல் வேலைக்குப் போய், அலமாரிக் கண்ணாடியோடு உள்ளங்கையையும் சேர்த்து அறுத்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதன் பிறகு என் தங்கை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த பழைய புத்தகக் கடையில், குடியை விடுவது எப்படி என்ற அறிவுரைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் என் கடையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தோம். நான்தான் உரக்கப் படித்தேன். எனக்குச் சிங்கம் போன்ற குரல். (பலத்த குரல் என்று எழுதிக்கொள்ளவும்.) முன்னுரையில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்ததா என்று அதிகாரி கேட்டார். முன்னுரையை நாங்கள் படிக்கவில்லை. "முன்னுரை படிச்சு எவன் திருந்தினான்? நேரா விருந்துக்குப் போவோம் மாப்ள" என்று சொல்லிப் பக்கத்தைத் தள்ளியது நான்தான். மூன்றாம் அத்தியாயத்தில், குடியை விட்ட முதல் சில நாட்கள் உன் நாக்கே உனக்கு எதிரி, அது கெஞ்சும், பொய் சொல்லும், ஆகவே என் பேச்சைக் கேட்காதே என்று நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வை என்று இருந்தது. அதைக் கேட்டதும் மாப்பிள்ளை அழுதுவிட்டார். "மச்சான், அந்த ஆள் நீங்கதான்" என்றார்.

புத்தகத்தில் பூட்டு என்ற சொல் எங்கேயும் இல்லை. அது என் கைச்சரக்கு. எதையும் ஒரு பிடி கூடுதலாகச் செய்வது என் சுபாவம்.

அதன் பிறகு சனிக்கிழமை காலையில், கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் நடுவிடத்தை ஒழித்துத் தரையில் மெத்தை விரித்தேன். அங்கேயே ஓரத்தில் கழிப்பறை உண்டு, மேலே ஒரு சிறிய காற்றுத் துளை உண்டு. நான்கு சுவரிலும் கூரை வரை பஞ்சு மெத்தையும் நுரை மெத்தையும் அடுக்கியிருக்கும். அந்த அறைக்குள் பீரங்கி வெடித்தாலும் வெளியே ஒருவர் கொட்டாவி விட்டது போலத்தான் கேட்கும். உள்ளே ஒருவர் வாய்விட்டு அலறினால் வெளியே முனகல் போலக் கேட்கும் என்று திருத்திச் சொல்கிறேன். மாப்பிள்ளை தன் விருப்பத்தின் பேரில்தான் உள்ளே போனார். நான் பூட்டிய பிறகு உள்ளிருந்து கதவை இழுத்துப் பார்த்து, "நல்லா பூட்டியிருக்கு மச்சான், சபாஷ்" என்றும் சொன்னார். "அரண்மனை வாசம் உனக்கு, காவல் வேலை எனக்கு. காலம் கெட்டுப் போச்சு பாத்தியா" என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

அன்று மதியமும் இரவும் கதவைத் திறந்து சாப்பாடு கொடுத்தேன். இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. விஷம் வெளியேறுகிறது என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அப்படிப் புத்தகத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தபோது என் கைக்கு அடியில் புகுந்து வெளியே போகப் பார்த்தார். நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். மெத்தைமேல் விழுந்தார், அடிபடவில்லை. அதன் பிறகு பூட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசியதால் எனக்குச் சொற்கள் கேட்டன.

"மச்சான், தெறங்க."

"நாக்கு பேசுது. நான் நாக்குகிட்ட பேசறதில்ல."

"மெத்தைக்குள்ள யாரோ மூச்சு விடறாங்க மச்சான்."

"நான் தச்ச மெத்தைடா. உயிரோடதான் இருக்கும்."

இதை நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு அவர், எல்லா மெத்தையும் தன்னைப் பார்த்துத் திரும்பிப் படுக்கின்றன என்றார். தையல் எல்லாம் வாய் போலத் திறக்கிறது என்றார். சாகப்போகிறேன் என்றார். அதன் பிறகு பேச்சு நின்று முனகல் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் என் தங்கை வந்தாள். கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, ஒரு தடவ தெறந்து பாத்துட்டு மூடிடேன்" என்றாள். நான் புத்தகத்தை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரியில் என் குரல் உடைந்தது. எனக்கும் அப்போது பயம் வந்துவிட்டது. ஆனாலும் படித்து முடித்தேன். அவள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் முனகலும் நின்றது. "தூங்கிட்டார். ஜெயிச்சாச்சு" என்று தங்கையிடம் சொன்னேன். சொல்லும்போதே கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை, இழுக்கவில்லை, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பூட்டு மட்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. கிடுகிடுவென்று, நிற்காமல். என் தங்கையும் அதைப் பார்த்தாள்.

இதில் மிகை எதுவும் இல்லை.

சாவி என் கையில்தான் இருந்தது. துளையில் நுழையவில்லை. தங்கை பிடுங்கித் திறந்தாள். கதவு பாதிதான் திறந்தது, ஏனென்றால் அவர் கதவை ஒட்டி, கீழே விரித்திருந்த மெத்தைமேல் கிடந்தார். வலிப்பு வந்து உடம்பு வில்லாக வளைந்திருந்தது. தோள் கதவில் ஒட்டியபடி உதறியது. குதிகால் இரண்டும் மெத்தையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தன, ஆனால் சத்தமே வரவில்லை. வாயில் நுரையும் ரத்தமும் இருந்தன. அதன் பிறகு நானும் தங்கையும் அவரை அதே மெத்தையோடு இழுத்துக் கடை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு தடவை மூச்சு நின்று வந்தது.

அங்கே மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அத்தனை காலம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிரும் போகலாம், பக்கத்தில் மருத்துவம் இருக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை உள்ளே இருந்து சொன்னவையெல்லாம் பொய் இல்லையா என்று கேட்டேன். இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறார் என்றார்.

மாப்பிள்ளையின் சம்மதத்தின் பேரில் பூட்டினீர்களா என்று அதிகாரி கேட்டார். ஆமாம். திறக்கச் சொன்னது யாருடைய சம்மதத்தின் பேரில் என்று கேட்டார். அவருடையதுதான். இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை அவருக்கு நினைவு தெளிந்தது, பிழைத்துக்கொண்டார் என்று மருத்துவர் சொன்னார். நானும் தங்கையும் உள்ளே போனோம். சிரிக்க வைக்கலாம் என்று வழியெல்லாம் ஒரு கேலிப் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். கையில் ஏற்றியிருந்த ஊசி பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. செவிலியர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் மிக மெதுவாக, "மச்சான், இனிமே சத்தம் போட மாட்டேன்" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

மேலே கண்டவை நான் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் கூட்டிச் சொன்னவை என் முன்னிலையில் திருத்தப்பட்டன. மிச்சம் இருப்பவை எல்லாம் நடந்தவை.

(ஒப்பம்)
மகாராசா