ஓவர் சொல்லாத குரல்

இரவு மணி இரண்டே கால். கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பரித்துப்போன மதில். நடுவில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்...

விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலும் பல்பு கிடையாது. சண்டைக் காலத்தில், விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று கழற்றினார்கள். சண்டை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. கழற்றத் தெரிந்த மகராசன்களுக்கு மாட்டத் தெரியவில்லை.

அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளுங்கள். இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. ரேடியோ மெக்கானிக். பேய் என்று யாராவது சொன்னால், "எங்கயாவது கனெக்‌ஷன் லூசா இருக்கும், பாருங்க" என்று சிரிக்கிற ஆள். அவன்தான் அன்றைக்கு அந்த வண்டியில் போனவன்.

குன்றின் மேலிருந்த சிக்னல் நிலையத்து வாட்ச்மேன் போன் செய்திருந்தார். "தம்பி, பழைய செட்டு ராத்திரியெல்லாம் கத்துது. விடிஞ்சா மியூசியம் திறப்பு விழா. ஒரு நடை வந்துட்டுப் போங்க."

வேறு யாராக இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று புரண்டு படுத்திருப்பான். இவன் கிளம்பிவிட்டான். அந்த நிலையத்துக்குள் ஒரு தடவையாவது கால் வைக்க வேண்டும் என்று ஆறு வருடமாக அவன் தவித்துக்கொண்டிருந்தான்.

ஏன் என்று சொல்கிறேன்.

நாற்பது நாள் சண்டை. ஜலசந்தி எங்களுடையது என்றது இந்தக் கரை. இல்லை, எங்களுடையது என்றது அந்தக் கரை. கீழே கப்பல்கள், மேலே விமானங்கள், நடுவில் சாகிறவன் மாதச் சம்பளக்காரன். கடைசியில் இரண்டு தரப்பும் கை குலுக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஜலசந்தி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

மெக்கானிக்கின் அண்ணன் இருபத்தாறாம் எண் இழுவைப் படகில் ரேடியோ ஆபரேட்டர். அடிபட்ட கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருவதுதான் அவர்கள் வேலை. துப்பாக்கி கூடக் கிடையாது. ஒன்பது பேர்.

அப்போது ஒரு விதி இருந்தது. ராத்திரியில் ஜலசந்திக்குள் நுழைகிற எதையும் சிக்னல் நிலையம் மூன்று முறை அழைக்கும். பதில் வராவிட்டால் விமானத்துக்குத் தகவல் போகும். முப்பத்திரண்டாம் நாள், இரவு இரண்டு நாற்பதுக்கு, அப்படித்தான் போனது. நம் விமானம், நம் படகு. ஒருவர்கூட மிஞ்சவில்லை.

பதிவேட்டில் ஒரே வரி. 'மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை.'

அந்த ஒரு வரி ஒன்பது வீட்டையும் நாறடித்தது. ஆபரேட்டர் தூங்கிவிட்டான் என்றார்கள். குடித்திருந்தான் என்றார்கள். அந்தக் கரையோடு பேசி வைத்துக்கொண்டான் என்றுகூடச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற அண்ணியிடம் ஒருத்தி கூசாமல் கேட்டாளாம், "உங்க வீட்டுக்காரரு தூங்கிட்டாராமே?" அண்ணி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நினைவுக் கல்லில் சண்டையில் செத்தவர்கள் பெயரெல்லாம் செதுக்கினார்கள். அந்த ஒன்பது பெயர் மட்டும் இல்லை. அண்ணி ஆறு மனு போட்டாள். ஆறுக்கும் ஒரே பதில்: பதிவேட்டில் உள்ளதை மாற்ற இயலாது.

அந்த அண்ணனா தூங்குவார்? அந்த மனிதர் வீட்டிலேயே ரேடியோ ஒழுங்கு பார்ப்பவர். ரேடியோவில் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லி விரலை எடுக்க வேண்டும். விரலை எடுத்தால்தான் எதிராளியின் குரல் கேட்கும். 'ஓவர்' காதில் விழாமல் அண்ணன் வாய் திறக்கவே மாட்டார். அண்ணி பத்து நிமிடம் நிறுத்தாமல் திட்டுவாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் அவளே தலையில் அடித்துக்கொண்டு, "ஓவர்! இப்பவாவது வாயத் திறந்து தொலைங்க" என்பாள். அவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். வீடே சிரிக்கும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குன்றுக்குப் போவோம்.

வாட்ச்மேன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "நான் உள்ள வரல தம்பி. அந்தச் செட்டுக்கு ஒயரே இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும்னு நேத்தே கழட்டிட்டோம்."

மெக்கானிக் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. அதற்கடியில்... டீசல். நனைந்த கயிறு. மேஜை மேல் செட்டு, பக்கத்தில் திறந்து வைத்த பதிவேடு. பின்னால் கை விட்டுப் பார்த்தான். வயர் இல்லை. பேட்டரி இல்லை. பேட்டரி இருந்த குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

இரண்டு நாற்பது.

ஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு இன்ஜின். டுக்... டுக்... டுக்... நகராமல், ஓரிடத்தில் நின்றபடி ஓடுகிற இன்ஜின். பிறகு ஒரு குரல், அதட்டலாக.

"இருபத்தாறு பதில் சொல் இருபத்தாறு பதில் சொல் இருபத்தாறு பதில் சொல்..."

மூன்று முறை. மூச்சு விடாமல். நடுவில் இடைவெளி இல்லை. பொத்தானை விட்ட 'டிக்' சத்தமும் இல்லை.

அப்புறம் அமைதி. அந்த அமைதியில், ரொம்பப் பக்கத்தில், யாரோ இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். கனைத்துவிட்டு... காத்திருந்தார்கள்.

மெக்கானிக் செட்டின் மேல் குனிந்து காது கொடுத்தான். படகில் கேட்டதுதான் தன் காதில் விழுகிறது என்று புரிந்துவிட்டது. அண்ணன் தூங்கவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார். தலைக்கு மேல் விமானம் வருகிற வரைக்கும் காத்திருந்திருக்கிறார்.

"என்னப்பா அங்க சத்தம்?"

திரும்பினான். அதே குரல். பக்கத்து விருந்தினர் அறையிலிருந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, அந்த முப்பத்திரண்டாம் நாள் ராத்திரியின் டியூட்டி ஆபீசர் வந்து நின்றார். விழாவின் சிறப்பு விருந்தினர் அவர்தான். வேலை செய்த காலத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. காபியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். நாக்கு அவருடையது, சுட்டுக்கொள்ளட்டும். ஒன்பது பேர் உயிர் அவர் வீட்டுச் சொத்தா?

"சார், கூப்பிட்டது நீங்கதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஓவர் சொன்னீங்களா?"

அவர் எரிச்சலோடு கையை உதறினார். "சண்டை நேரத்துல அதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பதில் வரல, எழுதிட்டேன்."

"விரலையே எடுக்கல. அப்புறம் எப்படி சார் பதில் வரும்?" மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தான். "மூணு எழுத்து சார். மூணே மூணு எழுத்து. அத சொல்லக்கூட உங்களுக்கு நேரமில்ல. ஆனா எங்கண்ணன் பதில் சொல்லலன்னு எழுத மட்டும் நேரம் இருந்துச்சா?"

மறுபடியும் செட்டுக்குள் யாரோ கனைத்தார்கள்.

மெக்கானிக் மைக்கை நோக்கிக் கை நீட்டினான். அந்த வார்த்தையைத் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் ஆபீசர் முந்திக்கொண்டார். அப்போதும் அவசரம். மைக்கைப் பிடுங்கி, பொத்தானை அழுத்தி, "யார்றா அது? பதில் சொல்..." என்று கத்தினார்.

இன்ஜின் சத்தம் நின்றது.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பேச்சு வரவில்லை. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து இழுத்துப் பார்த்தார், பிரிக்க முடியவில்லை. விரல் வெளுத்து, கடலில் ஊறின விரல்போலச் சுருங்கியிருந்தது. "சார்... சார்... சார்..." என்று வாட்ச்மேன் மூன்று தடவை கூப்பிட்டார்.

பதில் இல்லை.

என்ன சொன்னால் அவர் வாய் திறப்பார் என்று மெக்கானிக்குக்குச் சட்டென்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

விடிந்ததும் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவரு தூங்கல?"

"தூங்கல அண்ணி."

அன்றைக்கே ஏழாவது மனு எழுதினாள். ஆபீசர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள். இந்தத் தொல்லையை இதோடு ஒழித்துக்கட்டலாம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆபீசர் கிடந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு குமாஸ்தாவைப் பதிவேட்டோடு அனுப்பினார்கள்.

கட்டிலில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். கையில் அதே மைக், செட்டிலிருந்து கழற்றியும் விரல் அதை விடவில்லை. அண்ணி எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திட்ட ஆரம்பித்தாள். ஆறு வருடத்துத் திட்டு. குழாயடி, நினைவுக் கல், ஆறு மனு, ஒன்பது வீடு... பத்து நிமிடம். நர்ஸ் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கடைசியில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓவர். இப்பவாவது வாயத் திறங்க."

ஆபீசர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். கட்டைவிரல் பொத்தானை விட்டு மேலே எழுந்து, மறுபடி அழுத்தியது. குரல் அவருடையது இல்லை.

"இருபத்தாறு பேசுறேன். நம்ம ஆளுங்கதான். வேல முடிஞ்சு திரும்பி வரோம். சுட வேணாம்... ஓவர்."

விரல் எழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, காது கொடுத்துக் காத்திருந்தார்.

குமாஸ்தாவின் பேனா கீழே விழுந்தது. அண்ணி குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பதில் வந்துச்சா?"

"வ... வந்துச்சும்மா."

"எழுதுங்க. 'பதில் வந்தது'ன்னு எழுதுங்க."

எழுதினார். பதிவேட்டில் ஏறியதை மாற்ற இயலாது அல்லவா? அந்த வரியையும் மாற்ற முடியவில்லை. அடுத்த மாதம் கல்லில் ஒன்பது பெயரும் ஏறின.

அண்ணி கிளம்பும்போது நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "அம்மா, அவரு எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காரே. திரும்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "காத்திருக்கட்டும்" என்றாள்.

ஆபீசர் இன்னும் அந்த ஆஸ்பத்திரி அறையில்தான் இருக்கிறார். ராத்திரி இரண்டு நாற்பதுக்குக் கட்டிலடியில் தண்ணீர் தேங்குமாம். உப்புத் தண்ணீர், மேலே டீசல் மிதக்கும். தினமும் துடைக்கிறார்கள். ஒரு நாள் புது டாக்டர் ஒருவர் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, சட்டென்று காதிலிருந்து கழற்றிவிட்டாராம்.

அது நெஞ்சுத் துடிப்பே இல்லை... டுக்... டுக்... டுக்... நகராமல், ஓரிடத்தில் நின்றபடி.