முந்தின நாளே பவுடர் பூசின ஈ

ஹலோ... ஹலோ, பாப்பா! அப்பாதான். ... கேக்குது, கேக்குது. ட்ரெயினிங் நடக்குதா? ... வெளிய வந்துட்டியா, சரி.

உன் தவளைங்கதான்... அய்யோ, ஒண்ணும் சாகலை! ஆறு குட்டியும் உயிரோட இருக்கு. அந்தக் கடைக்குட்டிதான்... பின்னங்கால் வெடவெடன்னு நடுங்குது. என் முட்டி மாதிரியே. இலை மேல ஏறுது, சறுக்கி விழுது. ... மூணு நாளா. ... பயந்துடுவியேன்னுதான் சொல்லல. ... சரி, தப்புதான். கத்தாத.

கால்சியமா? குடுக்காம இருப்பேனா! நீ எழுதி ஒட்டின சீட்டு கண்ணாடித் தொட்டி மேலயே இருக்கே. தவளைத் தீனிக்குன்னு நீ வளக்கற ரெக்கையில்லாத ஈயை டம்ளர்ல கொட்டி, கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை போட்டு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கி... ஈயெல்லாம் போட்டோ எடுக்கப் போற மாதிரி வெள்ளை வெளேர்னு நிக்கும்!

... எப்பவா? முந்தின நாள் சாயங்காலமே! ... ஆமா. மூடியில ஓட்டை போட்டு மூடி வச்சுடுவேன். காலைல எழுந்ததும் தொட்டியில கவுத்துடுவேன். முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன், ஒரு நாள் லேட்டா போயிருப்பேனா? எல்லாம் முன்கூட்டியே...

... என்னது? ... ஈ பவுடரைத் துடைச்சிக்குமா? ... காலாலயேவா? ... ராத்திரி பூரா?

அடப்பாவமே. அப்ப வாரம் பூரா வெறும் ஈயையா போட்டேன்? ... அட ஆமா, டம்ளர் அடியில வெள்ளையா கெடக்கும். மிச்சம்னு நெனச்சேனே!

பாப்பா... கடைக்குட்டி பொழைச்சிக்குமா? உண்மையச் சொல்லு. ... ம். ... ம். இப்பவே ஆரம்பிச்சா தேறிடும்ங்கற. ... இரு, போனை ஸ்பீக்கர்ல போடறேன். ஈ... பவுடர்... குலுக்கறேன், கேக்குதா? ... உடனேவா? இதோ, கொட்டிட்டேன்!

பெருசுங்க பாயுது. டேய், அவனுக்கும் விடுங்கடா! ... கடைக்குட்டி பாக்குது... நகருது... விழுந்துடுச்சு. ... இரு, இரு. எழுந்துடுச்சு. ... லபக்! பாப்பா, புடிச்சிடுச்சு! வெள்ளை ஈ, பவுடரோட உள்ள போயிடுச்சு! ... நான் எங்க அழுதேன்? ... சரி, கொஞ்சம் அழுதேன். அதுக்கென்ன இப்ப?

... ஆமா, ஆமா. இனிமே போடறப்பதான் குலுக்குவேன். சத்தியமா.

... என் மாத்திரையா? டாக்டர் எழுதிக் குடுத்த கால்சியம்தானே? எனக்கே பாடமா! திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் டப்பாவுல நாள் வாரியா போட்டு, ரெடியா...

... முழுங்கறதா?

... இல்ல... எடுத்து வச்சிருக்கேன்...

... சரி, சரி, கத்தாத! தண்ணி எடுத்துட்டு வரேன், இரு. ... ம். ... ம், போயிடுச்சு. ... வாயத் தொறந்து போன்ல எப்படிம்மா காட்டறது? வையி, போனை வையி!