வண்டியோடு போனவர்

பெருமைக்குரிய தலைவர் அருஞ்சுனை ஐயா அவர்களே! மூன்றாவது கையாக நம் பஸ்களை வாங்கி, முதல் முறையாக நம் மேடைக்கு வந்திருக்கும் புதுக் கம்பெனி முதலாளி ராஜகுரு அவர்களே! தறிக்குழியை விட்டெழுந்து, மேலில் ஒட்டிய பஞ்சைத் தட்டாமலே வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே! திருச்சுழியும் நரிக்குடியும் அனுப்பிவைத்த, கரிசலில் கால் காய்த்த உழவர்களே! வீரசோழனிலிருந்து வந்திருக்கும் வியாபாரப் பெரியவர்களே! மடியில் பிள்ளையோடு மண்ணில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே!

சிவப்புக் கம்பெனியில் மேனேஜராக இருந்த வேங்கடபதி அவர்களே! பந்தல் காலுக்குப் பின்னால் நின்றால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். உங்களுக்கும் வணக்கம். ஆனால் ஒரு கையால்தான். இன்னொரு கை ஏன் எழவில்லை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

"புதுக் கம்பெனிய வரவேத்து ரெண்டு வார்த்தை பேசு, சௌடம்மா" என்றார் தலைவர். வரவேற்கிறேன், வாயார வரவேற்கிறேன். ஆனால் என் கண் ஒருவரைத் தேடுகிறதே! நரிக்குடி வண்டி டிரைவர் இருளப்பசாமி எங்கே?

என்ன முத்துத்தாய், ஊரில் இல்லையா என்று கேட்கிறாயா? இருக்கிறார். இன்று மதியம் பஸ்களெல்லாம் பந்தல்குடி சாலையில் இருக்கும் புது ஷெட்டுக்குப் போயின அல்லவா? ஓட்டிப் போனவர்கள் புதுக் கம்பெனி டிரைவர்கள். இருளப்பசாமிக்கு இனி இடமில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வண்டியோடு போனார். இன்னும் திரும்பவில்லை. அவரை விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தச் சௌடம்மாள் மேடையேறினாள்.

உலகச் சண்டை வந்தது, பெட்ரோல் போனது. சண்டை வந்தது, நூலும் போனது. பெட்ரோல் இல்லாத பஸ் கரியில் ஓடியது; நூல் இல்லாத நான் அந்தக் கரியை உடைக்கப் போனேன். பஸ்ஸின் முதுகில் அண்டாவைப் போல ஓர் அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றினால், எழும் புகையில் இன்ஜின் ஓடும். ஏற்றம் வந்தால் ஓடாது! சிரிக்கிறீர்களா? நீங்களெல்லாம் இறங்கித் தள்ளியவர்கள்தானே?

அப்போது பச்சைக் கம்பெனி. பஸ்ஸுக்கு என்ன வர்ணமோ, அதுதான் நமக்குக் கம்பெனியின் பெயர். தூரத்துக் காட்டில் ஒரு முந்தானை அசைந்தால் போதும், இருளப்பசாமி வண்டியை நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள்: "ஏலே, அந்தம்மா வந்து சேர்றதுக்குள்ள பொழுது அடஞ்சிரும்லே!" அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மெல்ல வா தாயி. முள்ளுப் பாத்து வா. வண்டி எங்கயும் போயிராது" என்பார். வெயிலில் ஓடி வந்தவள் ஏறி உட்கார்ந்து மூச்சுவிட்ட பிறகே வண்டி நகரும். அந்த ஒரு வார்த்தையின் குளிர்ச்சியை எந்தக் கண்மாய்த் தண்ணீர் தரும்?

அந்தப் பச்சைக் கம்பெனியை மதுரைப் பக்கத்துச் சிவப்புக் கம்பெனி வாங்கியது. வாங்கியது என்றால் என்ன? நமக்குத் தெரிந்த விற்பனை மாட்டு விற்பனைதானே! மாட்டை விற்றால் பழைய கயிற்றை விற்றவர் வைத்துக்கொள்வார். வளர்த்த ஆள் மாட்டோடு கூடவே நடப்பார். புது வீட்டுத் தொட்டியில் அது வாய்வைத்துத் தண்ணீர் குடிக்கும்வரை கூட இருப்பார். அது நம் பக்கத்து முறை.

இருளப்பசாமியும் அதையே செய்தார். வண்டி முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழக் கயிற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். புது டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "எங்க தம்பி கெளம்பிட்டீக?" என்றேன். "என்ன ஆத்தா இப்படிக் கேக்குறீக? புது எடம். வண்டி மெரளுமா இல்லையா?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கம்பஞ்சோற்றைக் கட்டிக்கொண்டு, கரி மூட்டையின்மேல் நானும் ஏறிவிட்டேன்!

சிவப்புக் கம்பெனி ஷெட்டில் போய் இறங்கினோம். வேங்கடபதி வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "யோவ், பஸ்ஸத்தான வாங்குனோம்? ஒன்ன யாருய்யா வாங்குனது?" என்றார். என்னைப் பார்த்து, "ஏ கெழவி, நீயும் வெலைக்கு வந்தியா?" என்றார். ஷெட்டே சிரித்தது. நாங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அன்று என் நாக்கில் வந்த கன்னடத்தை அப்படியே விழுங்கினேன். விழுங்கினேனே தவிர, அது இன்னும் செரிக்கவில்லை வேங்கடபதி அவர்களே!

மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பினோம். அதுவரை ஸ்டியரிங் பிடித்த மனிதர், வண்டியின் பின்கோடியில் கரியடுப்புச் சூட்டில் முதுகு வேக நின்று வந்தார். திருச்சுழியில் வண்டி நின்றது. ஏற வந்த கூட்டம் அவரைப் பார்த்தது. ஒருவர்கூட ஏறவில்லை. "நம்ம ஆளு பின்னாடி நிக்கிறாக. இந்த வண்டி நமக்கு எதுக்கு?" என்று நம் அழகுத்தாய்தான் முதலில் கூடையைக் கீழே வைத்தாள். எழுந்து நில்லடி, எல்லாரும் பார்க்கட்டும்!

இருளப்பசாமி என்ன செய்தார்? மகிழ்ந்தாரா? மார்தட்டினாரா? இறங்கி வந்து கைகூப்பினார். "ஏறுங்க தாயி. அவுகளும் புள்ளகுட்டிக்காரவுக. வெறும் வண்டியக் கொண்டுபோயி நிறுத்துனா அவுக பொழப்பு என்னாகும்?" என்றார். தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவருக்காகத் தான் நின்று கெஞ்சினார். சொல்லுங்கள் பெரியோர்களே, இந்த மனசை எந்தப் பட்டறையில் செய்கிறார்கள்?

அந்தப் புது டிரைவர் கீழே இறங்கிவிட்டார். "அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் வேற ரூட்டுக் கேட்டு வாங்கிக்கிறேன்" என்று கதவைத் திறந்துவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஏறாத சனத்தையும் இறங்கிய டிரைவரையும் பார்த்தபின் சிவப்புக் கம்பெனி இருளப்பசாமியை வைத்துக்கொண்டது. சிரித்ததற்கு மட்டும் இன்றுவரை மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை.

இப்போது சிவப்பும் விற்றுப்போனது, மஞ்சள் வந்திருக்கிறது. பெட்ரோலும் திரும்பிவிட்டது. கரியடுப்பைக் கழற்றியாயிற்று. என் சுத்தியலுக்கு வேலையில்லை. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, முதலாளி. தறி இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன்.

நீங்கள் எதை வாங்கினீர்கள்? இரும்பை வாங்கினீர்கள், ரப்பரை வாங்கினீர்கள், ரூட்டை வாங்கினீர்கள். வெயிலில் ஒரு முந்தானைக்காக நின்றதே வண்டி, அந்த நிற்றலை யார் உங்களுக்கு விற்றது? "மெல்ல வா தாயி" என்ற வார்த்தையை எந்தப் பெயிண்டில் குழைத்து வண்டியில் பூசுவீர்கள்? மதியம் போன மனிதர் வண்டி பழகட்டும் என்று உங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்கத் தெரியாது. வாய் எனக்குத்தான் இருக்கிறது. அதனால் நான் கேட்கிறேன். அந்த வண்டியை அவரிடமே கொடுங்கள்!

கை தட்டாதீர்கள், பொறுங்கள். முதலாளி எழுந்துவிட்டார். கோபமா ஐயா? மாலையைக் கழற்றுகிறீர்களே! என்ன சொல்கிறீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும், உரக்கச் சொல்லுங்கள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஷெட்டுல அவுக உள்ள இருக்காகளா வெளிய நிக்கிறாகளான்னு தெரியல. வாசக் கேட்டப் பூட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கு."

கேட்டீர்களா தாய்மார்களே! ஒதுங்குங்கள், முதலாளிக்கு வழிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள் பேச்சி, அவர் காலில் பட்டுவிடப் போகிறது. ஐயா, அவர் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டார், போகிற வழியில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்!

நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? இடம் கொடுத்த தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அதோ செருப்பைக்கூடப் போடாமல் போகிறாரே, அவருக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம்!