பம்பு இருமுறை செலுத்திய மருந்து

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, நிரல் எழுதியே நரைகண்ட மூத்தோர்களே, பிள்ளைகள் என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போமென்று பின்வரிசையில் பெருமையோடு வீற்றிருக்கும் தாய்மார்களே, தோள்கொடுக்கும் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

"நான் ஒரு தடவைதான் அழுத்துனேன்!" ஒரு செவிலியர் சொன்ன சொல் இது. எங்கே சொன்னார்? நாங்கள் மென்பொருள் எழுதிக்கொடுத்த மருத்துவமனையில்.

திரையில் பொத்தானை அழுத்தினால், பம்பு வலிமருந்தை அளந்து நோயாளிக்குச் செலுத்தும். அன்று இருமடங்கு ஏறிவிட்டது. நோயாளி நினைவிழந்தார். மருத்துவர்கள் ஓடோடி வந்து உயிரை மீட்டார்கள். பழி? பதினோராண்டுப் பணியில் ஒரு பிழையும் அறியாத அந்த அக்காவின் தலையில்! வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

நடந்ததை மென்பொருளிடம் கேட்டோம். வாய் திறந்ததா? இல்லை! திறக்க நாங்கள் கற்றுத்தரவே இல்லை!

எங்கள் நிறுவன மேலாளரிடம் போனேன். "சார், எல்லா கிளாஸுக்கும் லாக் போடணும்."

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! வகுப்பறையைப் பூட்டச் சொல்லவில்லை. கிளாஸ் என்பது நிரலில் ஒரு பொறுப்பை ஏற்றுச் செய்யும் பகுதி. லாக் என்பது நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் குறிப்பு.

"அறுபது கிளாஸ் இருக்கேம்மா! உள்ள கை வெச்சு வேற ஏதாவது உடைஞ்சா?"

"உள்ள கை வெக்கவே மாட்டேன் சார். டெக்கரேட்டர்னு தனியா ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஒவ்வொரு கிளாஸ் தலைமேலயும் ஒரே ஒரு வரி போடறேன். அது வெளிய நின்னு எழுதிக்கும், வேலையை மாத்தாது."

"உன் பொறுப்பா?"

"என் பொறுப்பு."

எழுதினேன். எந்தச் செயலை யார் இயக்கினார், எந்த நொடியில், எந்த அளவில், என்ன விடை வந்தது, அத்தனையும் பதிவானது. சோதனை அறையில் அதே பம்பை வைத்து நாற்பது முறை அழுத்தினேன். குறையே இல்லை! மனம் தளர்ந்தேனா? மறுநாள் காலை, நெட்வொர்க்கை வேண்டுமென்றே மந்தமாக்கிவிட்டு அழுத்தினேன். லாக் சொன்னது: பொத்தான் ஒருமுறை, மருந்து இருமுறை! பம்பிடமிருந்து பதில் வரத் தாமதமானதும் எங்கள் நிரலே கட்டளையைத் திரும்ப அனுப்பியிருக்கிறது!

மருத்துவமனை விசாரணையில் அந்த லாக்கை அச்சிட்ட தாளை நீட்டினேன். மேலாளர் எழுந்து நின்றார். "தப்பு எங்களோடது. மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

அந்த அக்கா அழவில்லை. ஆத்திரப்படவில்லை. என்ன கேட்டார் தெரியுமா?

"இதே பம்பு இன்னும் எத்தனை வார்டுல ஓடுது? முதல்ல அதை நிறுத்துங்க."

கைதட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்! ஒன்பது வார்டுகளில் அந்தப் பம்புகளை அப்போதே நிறுத்தினோம். நிரலைத் திருத்திச் சோதித்த பிறகே மீண்டும் இயக்கினோம். மறுவாரம் அவர் தம் வார்டுக்குத் திரும்பினார்.

தோழர்களே, நாம் எழுதும் நிரலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் சொல்வது உண்மையென்று நிறுவ, நம் நிரலைவிட்டால் அவருக்கு வேறு சாட்சி ஏது? சாட்சி சொல்லாத நிரலை இனி என் கை எழுதாது! உங்கள் கை?

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், இடையிடையே சிரித்து என் அச்சம் போக்கிய அன்னையர்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!